மேற்படி கடலில் குளித்தோம்

குருநாகலில் வினீதாவிடம் ஆங்கில வீட்டுப்பாடத்தைத் திருத்திக்கொள்ள வரும் பிள்ளைகளால் அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. பெற்றவர்கள்தான் உயிரை எடுத்தார்கள். அதிலும் அபேசிங்க.

அவர் ஓர் அரசு அலுவலகத்தில் நிர்வாக அதிகாரி. ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் செனுரிக்கு 'மறக்க முடியாத நாள்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அதைத் தானே எழுதி எடுத்துக்கொண்டு, மகளை வீட்டில் விட்டுவிட்டு வந்து நின்றார். சிங்களத்தில் அவருக்கு அவள் 'நங்கி', தங்கச்சி; அவளுக்கு அவர் 'மாத்தயா', ஐயா.

"நங்கி, கமா, புள்ளி மட்டும் பார்த்தா போதும். இருபத்தாறு வருசமா இங்கிலீசுல ஃபைல் எழுதுற கை இது."

வினீதா படித்தாள். 'மேற்படி கடலில் குளித்தோம். அலைகள் உரிய முறையில் கரைக்கு அனுப்பி வைக்கப்பட்டன. மதிய உணவு தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது.' கருத்து இந்த லட்சணம் என்றால், இலக்கணம் அதற்கு அண்ணன்.

"மாத்தயா, கடலுக்குப் போனீங்களா, கடலுக்கு மெமோ குடுத்தீங்களா?"

"அது ஸ்டைல், நங்கி. உனக்குப் பழக்கமில்ல."

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். நாற்பத்தொரு பிழை. அபேசிங்க தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மனைவி மல்காந்தியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, கொப்பியை மேசையில் வீசினார். இருபதுக்கு நாலு. கீழே டீச்சர் எழுதியிருந்தார்: 'இதை எழுதித் தந்தவரை அழைத்து வா. மூன்றாம் வகுப்பில் இடமிருக்கிறது.'

"நீ பார்த்துக் குடுத்த லட்சணம் இதுதானா?"

வினீதா கொப்பியைப் புரட்டினாள். கடல் மேற்படியாகவே கிடந்தது. "நான் சிவப்புல போட்டதெல்லாம் எங்க?"

"அதைக் கிழிச்சுட்டாரு மிஸ்," என்றாள் மல்காந்தி. "தான் எழுதினபடியே பிள்ளைய உக்காரவச்சு எழுதவச்சாரு."

"நாளைக்கே ஸ்கூலுக்குப் போய் அந்த டீச்சரக் கேக்கிறேன்!"

"தாராளமாப் போங்க," என்றாள் வினீதா. " எழுதினது நான்தான்னு முதல்ல சொல்லணும். மூணாம் வகுப்பு பெஞ்சு கொஞ்சம் சின்னது, முழங்கால் இடிக்கும்."

மல்காந்தி வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அபேசிங்க பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

டீச்சர் திருப்பி எழுதிவரச் சொன்னதாகச் செனுரி மெல்லச் சொன்னாள். வினீதா ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினாள். "நீ எழுது. அப்பா வாயத் திறக்கமாட்டாரு."

அரை மணி நேரத்தில் பதினொரு வரி. இறந்தகாலம் ஐந்து இடத்தில் தவறியிருந்தது. வினீதா காட்டியதும் செனுரியே திருத்தினாள். அப்பா வாங்கிப் படித்தார். கடைசி இரண்டு வரியில் நின்றுவிட்டார்.

'நாங்கள் தண்ணீரில் இறங்கினோம். அப்பா சப்பாத்தைக் கழற்றவில்லை, வேனில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டே இருந்தார்.'

"இத வெட்டணும்."

"எதுக்கு மாத்தயா? இதுல பிழையே இல்ல."

அவர் மகளைப் பார்த்தார். அவள் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். வெட்டுவதற்காக எடுத்த பேனாவைச் சட்டைப்பையில் திரும்பச் செருகிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே போய் நின்றார். பரிதாபப்பட வேண்டும் என்று வினீதாவுக்குத் தோன்றியது. வரவில்லை.

செனுரிக்குப் பதினான்கு கிடைத்தது. அதற்குப் பிறகு மல்காந்திதான் அவளைக் கூட்டி வருகிறாள்.