பட்டினி போட்ட சனிக்கிழமை

கோபுரத்துக்குப் போகும் வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. நகர்ந்தால் மட்டும் என்ன, உள்ளே போனால் படி ஏறவேண்டும். சின்னு அதை நினைத்து ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள்.

வெளிநாட்டுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்து இது இரண்டாவது வருஷம். பல்கலைக்கழகம் இருக்கும் சின்ன ஊரை விட்டு அவள் வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. விடிவதற்கு முன்னால் ரயில் ஏறி, வழியெல்லாம் ஜன்னல் கண்ணாடியில் தலை முட்டத் தூங்கி, இந்தப் பெரிய நகரத்தில் இறங்கியபோது, பிளாட்பாரத்தில் அக்கா நின்றிருந்தாள். பெரியம்மா மகள். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“என்னடி இது, கண்ணுக்குக் கீழ கரி பூசிக்கிட்டு வந்திருக்க?” என்றாள் அக்கா, கட்டிப்பிடித்த கையை எடுக்காமலே.

“நீ மட்டும் என்னவாம்? ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டிருக்க.”

அக்கா குனிந்து பார்த்தாள். தையல் வெளியே தெரிந்தது. “இப்ப இதுதான் ஃபேஷன்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மியூசியம், ஒரு பாலம், ஒரு படகு. மியூசியத்தில் சின்னுவுக்கு ரொம்பப் பிடித்தது ஒவ்வொரு அறையிலும் போட்டிருந்த பெஞ்சுகள். படகில் ஏறியதும் அக்கா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “வெயில் கண்ணைக் குத்துது” என்றாள். வானம் மூடிக் கிடந்தது. படகு கரைக்குத் திரும்பும்வரை அவள் தலை அசையவில்லை.

இப்போது, உச்சியிலிருந்து ஊரைப் பார்க்கும் இந்தக் கோபுரம். அக்கா முன்கூட்டியே டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. குடும்ப குரூப். நேற்று மாலை லேபை விட்டுக் கிளம்பும்போது தோளில் பையோடு எடுத்த படத்தைச் சின்னு காலையில்தான் அனுப்பியிருந்தாள். அதற்கு அண்ணியின் பதில் வந்திருந்தது.

‘டூர் போற அழகைப் பாரு! பின்னாடி என்ன ரோஸ் கலர்ல ரெண்டு பாட்டில்? படிக்கப் போனியா, ஜூஸ் கடை வைக்கப் போனியா?’

சின்னுவுக்குச் சிரிப்பு வந்தது. பதில் போட வசதியாகப் படத்தை விரல்களால் பெரிதாக்கினாள்.

சிரிப்பு அப்படியே நின்றது.

இரண்டு பாட்டில். இரண்டிலும் ஒரே ரோஸ் திரவம். ஒன்றின் கழுத்தில் மஞ்சள் டேப், மற்றதில் நீல டேப். மஞ்சள், ஆராய்ச்சிக்காக அவள் லேபில் வளர்க்கும் உயிர்ச் செல்களுக்கான சாப்பாடு. நீலம், சாப்பாடு மாற்றும் முன் செல்களை அலசிவிடும், அதே ரோஸ் சாயம் கலந்த வெறும் உப்புத் தண்ணீர். நீலத்தில் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும், மஞ்சளில் நிறைய.

படத்தில் மஞ்சள் பாட்டில் கழுத்துவரை நிரம்பியிருந்தது. மூடியைச் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. நீல பாட்டிலில் பாதியைக் காணோம்.

அந்த லேபில் ஒருவர் பாட்டிலை இன்னொருவர் தொடமாட்டார்கள். ஒருவருடைய கிருமி அடுத்தவர் செல்லுக்குப் போய்விடக் கூடாதென்று அப்படி ஒரு கறார். ஆக, யார் மேலேயும் பழி போட முடியாது. நேற்று மாலை தூக்கக் கலக்கத்தில், அலசுவதற்கும் நீலம், சாப்பாட்டுக்கும் நீலம் என்று ஊற்றிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு சிரித்துப் படமும் எடுத்துக்கொண்டவள் அவளேதான்.

மூன்று தட்டுகள். ஒரு புற்றுநோயாளியின் கட்டியிலிருந்து வந்த செல்கள். அவற்றுக்கு மருந்தைத் துளித்துளியாகக் கூட்டிக் கூட்டிக் கொடுத்து, அந்த மருந்துக்கு மசியாத ஒரு கூட்டமாக வளர்த்திருந்தாள். வசந்த காலத்தில் ஆரம்பித்த வேலை. திங்கட்கிழமை அதில் பாதியை உறைய வைத்துப் பத்திரப்படுத்துவதாக இருந்தது. அதுவரை உலகத்தில் வேறெங்கும் அதற்கு மாற்று கிடையாது.

நேற்று மாலையிலிருந்து அவை பட்டினி. இன்று இருட்டுவதற்குள் சாப்பாடு போட்டால் ஏதாவது மிஞ்சலாம். நாளை என்றால் மொத்தமும் காலி. படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போனதுதான். “இன்னொரு முறை முடியாது” என்று புரொபசர் சாந்தமாகச் சொல்லியிருந்தார். அவர் சாந்தமாகச் சொன்னால் அது முடிந்த முடிவு.

ரயிலைப் பிடித்துத் திரும்பினால் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். இன்று லேபுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். தாடி. தாடியை வைத்து அவள் போட்ட பெயர் அது; லேபில் அவளுக்கு சீனியர், நம் ஊர்க்காரர். ஆனால் தாடியிடம் எந்த முகத்தோடு கேட்பது? போன வாரம் அவர் வந்து நின்றார். “என் பெஞ்சாதி ஊர்லேர்ந்து வர்றாம்மா, ஏர்போர்ட் போகணும். என் தட்டுக்கு மட்டும் சாப்பாடு மாத்திடறியா?” என்று கேட்டார். “எனக்கே உயிர் போகுது அண்ணா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மனிதர் வேலையை முடித்துவிட்டுத்தான் ஏர்போர்ட்டுக்கு ஓடினார்.

சின்னு போனைப் பைக்குள் போட்டாள்.

போட்டதும் ஒரு ஆச்சரியம். தோள் இரண்டும் லேசானது போல இருந்தது. செத்தால் சாகட்டுமே. நான் படிப்பை விட்டேன் என்று யாரும் சொல்லப்போவதில்லை, செல் செத்துப்போச்சு என்றுதான் சொல்வார்கள். ஊருக்குப் போகலாம். போய் ஒரு மாசம் தூங்கலாம்.

“வா, வரிசை நகருது” என்றாள் அக்கா.

சின்னு நகர்ந்தாள்.

* * *

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. ஊரே காலடியில் கிடந்தது. கூரைகள், நதி, சற்றுமுன் கடந்த பாலம். சின்னுவின் கண்ணில் ஒன்றும் பதியவில்லை. இங்கே ஏறி வருவதற்குள்ளேயே ஒரு சினிமா பார்த்து முடிக்கிற நேரம் கடந்திருந்தது.

“சிரிடி. படம் அனுப்பணும்னு உங்கம்மா ஆர்டர்.” அக்கா போனைத் தூக்கிப் பிடித்தாள். “என்ன மூஞ்சி இது, பாஸ்போர்ட் போட்டோவா? இன்னும் பூங்கா இருக்கு, பழைய கோட்டை இருக்கு, ராத்திரி விளக்கு ஷோ இருக்கு.”

“அக்கா, போதும்.”

“போதுமா? நான் வார்டுல யார் யார் கால்லயோ விழுந்து ஷிப்ட் மாத்தி வாங்கியிருக்கேன். நேத்து ராத்திரி முழுக்க டியூட்டி. அப்படியே குளிச்சிட்டு ஸ்டேஷனுக்கு வந்தேன், தெரியுமா?”

சின்னு திகைத்தாள். “தூங்காமலா வந்த? யாரு உன்னை வரச் சொன்னது?”

“உங்கம்மா! ‘பாவம் அவ, தனியா அறைக்குள்ளயே கிடக்கா, ஊர் சுத்திக் காட்டு’ன்னு ஒரு மாசமா போன்.”

“எனக்கு உங்கம்மா போன்! ‘உங்கக்கா லீவே எடுக்க மாட்டேங்கறா, நீ போனாத்தான் வெளிய வருவா, போய் ரெண்டு நாள் இருடி’ன்னு. உனக்காகத்தான் நான் கிளம்பி வந்தேன்.”

“எனக்காகவா? உனக்கு மியூசியம் பிடிக்கும்னு…”

“யாருக்குப் பிடிக்கும்? உனக்குத்தான் பிடிக்கும்னு நினைச்சு நான் அந்த உடைஞ்ச பானையை எல்லாம் உத்து உத்துப் பார்த்தேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்னுவும் சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் அது அழுகையாக மாறியது.

அழுகையோடு அழுகையாக எல்லாம் வெளியே வந்தது. பாட்டில், டேப், மூன்று தட்டு.

அக்கா கண்களைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப சாப்பாடு போட்டா பிழைக்குமா?”

“கொஞ்சம் பிழைக்கலாம்.”

“எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

“கீழ, வரிசையில.”

“அப்பவேவா? அப்புறம் ஏன்டி யாருக்கும் போன் பண்ணல?”

“பண்ணலேன்னா ஊருக்குப் போயிடலாம்ல” என்றாள் சின்னு.

திட்டுவாள் என்று சின்னு காத்திருந்தாள். அக்கா சுவரோரமாகப் போய்த் தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். “எனக்குக் கால் விண் விண்ணுனு தெறிக்குது. நீ யோசிச்சு ஒரு முடிவுக்கு வா. எதுன்னாலும் சரி, உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.”

சுற்றுலாக்காரர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒரு குழந்தை அவள் காலை மிதித்தது. அக்காவுக்குத் தெரியவில்லை. தலையைச் சுவரில் சாய்த்து, வாயைத் திறந்து, அதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.

சின்னு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை அசதியிலும் ஸ்டேஷனுக்கு வந்து நின்றிருக்கிறாள். சொன்னபடி வந்து நின்றாள், அசந்ததும் கள்ளமில்லாமல் தூங்குகிறாள். இவள் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம், செல்களைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு ஊருக்குப் போனால் வருமா? ஊருக்குப் போவதென்றால் புரொபசர் முகத்தைப் பார்த்து, நான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். மூன்று தட்டு செல்களைப் பலி கொடுத்துத்தான் போகவேண்டுமா?

போனை எடுத்தாள்.

நான்காவது மணியில் தாடி எடுத்தார். “என்னம்மா, டூர் எல்லாம் எப்படி?”

“அண்ணா, நீங்க எங்க இருக்கீங்க?”

“வீட்ல. பருப்பு வேகுது. ஏன்?”

விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு பெண் குரல், “யாருங்க அது? அன்னிக்கு என்னை ஏர்போர்ட்ல பெட்டி மேல உக்கார வச்ச மகராசியா?”

“அவளேதான்” என்றார் தாடி, போனை மூடாமலே.

“என்னவாம் இப்ப?”

“புள்ளைங்களுக்குச் சோறு போட மறந்துட்டாளாம்.”

சின்னு உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அண்ணா, அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்புதான். இப்ப கேக்கக்கூட எனக்கு வாய் வரல.”

“வாய் வராமலா இவ்வளவு பேசின? சரி சரி. உன் பாட்டிலை நான் தொடலாமா? நீ வாய்விட்டுச் சொல்லணும், அப்புறம் என் கிருமி வந்துடுச்சுன்னு பஞ்சாயத்து வைக்கக் கூடாது.”

“தொடுங்கண்ணா.”

“குக்கரை இறக்கு, நான் வந்துடறேன்” என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. கதவு சாத்தும் சத்தமும் கேட்டது.

* * *

பூங்கா, கோட்டை, விளக்கு ஷோ மூன்றுக்கும் அவர்களைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இருவரும் பஸ் பிடித்து அக்காவின் அறைக்கு வந்தார்கள். ஒற்றைக் கட்டில், கதவில் தொங்கும் யூனிபார்ம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ரொட்டியை வெறுமனே தின்றுவிட்டு அக்கா சுவர்ப்பக்கம் படுத்தாள்.

மாலை மங்கும்போது தாடியின் செய்தி வந்தது. ‘மாத்தியாச்சு. ரெண்டு தட்டு மோசம். இன்னொண்ணு சொல்ல முடியல. நாளைக்கு நீயே வந்து பாரு.’

சின்னு அதைப் பலமுறை படித்தாள். அக்காவை எழுப்பவில்லை.

மறுநாள் காலை ரயிலில், புரொபசருக்கு ஒரு மெயில் எழுதினாள். நீலத்தையும் மஞ்சளையும் மாற்றி ஊற்றியது, வரிசையில் நின்றபோதே தெரிந்தும் போன் பண்ணாமல் மேலே ஏறியது, எல்லாவற்றையும். அனுப்பும் பட்டனை அமுக்கிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள். வண்டி பாதி தூரம் வந்தபோது பதில் வந்தது. ‘நாளைக் காலை வந்து பார். பேசலாம்.’ அவ்வளவுதான். சாந்தமாக இருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்று ஐந்து வார்த்தையை வைத்து யாரால் கண்டுபிடிக்க முடியும்?

ஞாயிறு மத்தியானம் லேபில் தாடி மட்டும் இருந்தார். அவள் பையைக்கூட இறக்காமல் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

முதல் தட்டு. உயிருள்ள செல் அடியில் பரந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே எல்லாம் உருண்டு, பிடி விட்டு, மிதந்துகொண்டிருந்தன. இரண்டாவதும் அதே கதி.

மூன்றாவது தட்டில் நடுப்பகுதி வழித்துவிட்டது போல வெறிச்சோடியிருந்தது. மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினாள். அங்கே, விளிம்பை ஒட்டி, ஒரு சின்னக் கூட்டம் காலை அகட்டிப் படுத்திருந்தது.

“இது மட்டும் எப்படிண்ணா?”

“பழைய சாப்பாட்டை நீ சரியா உறிஞ்சி எடுக்கல. ஓரத்துல கொஞ்சம் தங்கியிருக்கு” என்றார் தாடி. “தூக்கத்துல செஞ்ச வேலையிலயும் ஒரு லாபம்.”

“நேத்து எனக்குத் தெரிஞ்ச உடனே உங்களைக் கூப்பிட்டிருந்தா?”

தாடி கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். பொய் சொல்லலாமா என்று யோசிப்பவர் போலத் தாடியைத் தடவினார். “ரெண்டாவதுல கொஞ்சம் நின்னிருக்கும்” என்றார்.

சின்னு தலையாட்டினாள். செத்த தட்டுகள் இரண்டையும் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரில் அமிழ்த்தி, குப்பைப் பெட்டிக்கு அனுப்பினாள். மூன்றாவதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

“இதுலேர்ந்து மறுபடி மூணு தட்டாக்கணும்னா, இலையுதிர் காலமே வந்துடும்” என்றார் தாடி. “இருப்பியா? ஊருக்குக் கிளம்பறியா?”

அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

“இன்னிக்குத் தூங்கப்போறேண்ணா” என்றாள். “நாளைக்குக் கேளுங்க.”