என்டர்டெயின் பண்ணுகிறார்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள், மாடியிலிருக்கும் பல் ஆஸ்பத்திரியில் பல் செட் செய்கிறவரிடம் தன் மனசைச் சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. தளர்ந்துபோயிருந்த அவருடைய கண்ணாடியை முடுக்கிக் கொடுத்த கையோடு, "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டாள். அவர் வியர்த்துப்போய், கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமலே தட்டுத்தடுமாறிப் படியேறினார்.

சாயங்காலம் ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பினார். அவளுக்கு வீட்டில் பெரியவளென்று இருப்பது அக்கா ஒருத்திதான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"நீ கேட்டதை என்டர்டெயின் பண்றாராம்டி."

"அப்படின்னா?"

"டிவியில பாட்டு, கூத்து, சிரிப்புன்னு போடறான்ல, அதான். நீ கேட்டது அவருக்கு நல்லா பொழுது போகுதாம்."

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. மனசைத் திறந்து காட்டினால் மனுஷன் வேடிக்கை பார்க்கிறார்!

மறுநாளிலிருந்து அவர் படியிறங்கினால் முதுகைத் திருப்பிக்கொண்டாள். "டீ குடிச்சாச்சா?" என்று அவர் கேட்டபோது, பதிலுக்கு லென்ஸ் தேய்க்கும் மெஷினை ஓடவிட்டாள். வாரக் கடைசியில் அவர் கடைக்குள்ளேயே வந்து நின்றார்.

"என்மேல ஏதாவது கோபமா?"

"பல்லைக் காட்டிச் சிரிக்க நான்தான் கிடைச்சேனா?"

"நான் எங்கங்க சிரிச்சேன்?"

"என்டர்டெயின் பண்றேன்னு எழுதினீங்களே!"

அவர் தலையில் கைவைத்தார். "ஐயோ, அது வேற அர்த்தம்! 'சிபாரிசை என்டர்டெயின் பண்ண மாட்டோம்'னு எங்க வாசல்ல போர்டு இருக்கே. சிபாரிசை வச்சு யாராவது கூத்தாடுவாங்களா? காதுல வாங்கி யோசிக்க மாட்டோம்னு அர்த்தம். நான் யோசிக்கிறேங்கிறதைக் கொஞ்சம் கௌரவமா சொல்லலாமேன்னு..."

பழைய கோபம் போன வேகத்தில் புதுக் கோபம் வந்தது. "ஒரு வாரமா யோசிக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு?"

"சம்மதமான்னு யோசிக்கலைங்க. அது படியேறும்போதே முடிவாயிடுச்சு. உங்க அக்கா முன்னாடி எப்படி வந்து பேசறதுன்னுதான்..."

"தமிழ்ல பேசுங்க. அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். தான் சொன்ன அர்த்தத்தால் வந்த வினை என்று அக்காவுக்கு ஒரே வெட்கம். அதை மறைக்க விழுந்து விழுந்து உபசரித்தாள். தட்டில் இடம் காலியாக விடவில்லை.

"விருந்தாளியை இப்படிக் கவனிக்கிறதுக்கும் அதே வார்த்தைதாங்க" என்றார் அவர், யாரும் கேட்காமலே.

"அந்த வார்த்தையை விட்டுட்டு முதல்ல சாப்பிடுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. தலையில் தட்டுகிற சாக்கில் தங்கை எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.