கைமேல் உட்கார்ந்த டீச்சர்

கணக்கு டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. யார் கணக்கில் தடுமாறினாலும் சாக்பீஸை வாங்கித் தானே போட்டு முடித்தால்தான் மனசு ஆறும். இவளைப் போய் சக ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாக்கிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

“மற்றவர் வகுப்பைப் பார்க்கப் போனால் பின்பெஞ்சில் உட்காருங்கள், பலகைப் பக்கம் போகாதீர்கள்” என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். திரும்பி வந்த மறுநாளே அதைக் காற்றில் பறக்கவிட்டாள். ஆறாம் வகுப்புப் புது வாத்தியாரின் சாக்பீஸைப் பிள்ளைகள் முன்னாலேயே பிடுங்கிவிட்டாள். மனிதர் கூனிக் குறுகிப்போனார். இனிக் கணக்கே வேண்டாம், வேறு பாடம் கொடுங்கள் என்று தலைமையாசிரியையிடம் போய் நின்றார். நல்ல வாத்தியார், பிள்ளைகளுக்கு அவர்மேல் உயிர். தன்னால் போகிறாரே என்று இவளும் தலைமையாசிரியையிடம் ஓடினாள். கெஞ்சிக் கூத்தாடி அவர் வகுப்பில் இன்னொரு முறை உட்கார அனுமதி வாங்கினாள்.

இன்று பின்பெஞ்சில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்றில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்பது பாடம். வாத்தியார் மேலே ஒரு பட்டை வரைந்து மூன்றாகப் பிரித்தார். கீழே ஒன்று வரைந்து நாலாகப் பிரித்தார். அவசரத்தில் கீழ்ப்பட்டை ஒன்றரை மடங்கு நீளமாகிவிட்டது.

“மூணுல ஒண்ணுதான் பெருசு, பாத்தீங்களா?”

“இல்ல சார், படத்துல நாலுல ஒண்ணுதான் பெருசா இருக்கு” என்றாள் முன்பெஞ்சுச் சிறுமி.

வாத்தியாருக்கு முகம் வெளுத்தது. பின்பெஞ்சைப் பார்த்தார். டீச்சர் கைகளைத் தொடைக்கு அடியில் இன்னும் அழுத்திக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

பிறகு அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“அட, ஆமா. ஏன் அப்படித் தெரியுது? யாராவது சொல்லுங்க பாப்போம்.”

வகுப்பு சந்தையானது. அடித்துப் பேசி, பலகைக்கு ஓடி, முழம் போட்டு அளந்து, கடைசியில் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்: “ரெண்டு பட்டையும் ஒரே நீளம் இல்ல சார்.” அவர் சிரித்துக்கொண்டே அழித்து, இரண்டையும் சமமாக வரைந்தார்.

மணி அடித்தது. டீச்சர் மரத்துப்போன கைகளை உதறிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“எழுந்து வந்துடுவீங்கன்னு நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

அவர் அவளுடைய சிவந்த கைகளைப் பார்த்தார்.

“நாளைக்கும் வாங்க டீச்சர். கைக்கு ஒரு தலகாணி போட்டு வைக்கிறேன்.”