ஒன்றேமுக்கால் மணி நேரப் பயணம்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரம் என்றுதான் பஞ்சநதம் நம்பியிருந்தார். மருமகள் குந்தவையின் அண்ணன் அரவிந்தன் அனுப்பிய டிக்கெட்டில் புறப்பாடு காலை ஏழு, வந்து சேர்வது எட்டேமுக்கால் என்று இருந்தது. சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, பயணம் உண்மையில் நாலேகால் மணி நேரம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பாபநாசத்துக்குச் சென்னையைவிடச் சிங்கப்பூர் கிட்டத்தில் என்று டீக்கடையில் சொல்லிக்கூட இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. வயல்களுக்கு நடுவே உள்ள அய்யனார் கோயிலில் ஏற்பாடு. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் குத்திவிட வேண்டும். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். தாய் தகப்பன் இல்லாத குந்தவைக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பது அரவிந்தன் ஒருவன்தான்.

அன்று காலை ஏழு மணிக்கு, விமானம் கிளம்புகிறது என்று அவனிடமிருந்து செய்தி வந்தது. டிக்கெட்டிலும் ஏழு, கூடத்துக் கடிகாரத்திலும் ஏழு. சொன்ன நேரத்துக்கு விமானத்தை எடுத்துவிட்டார்கள் என்று பஞ்சநதம் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அப்போது சிங்கப்பூரில் மணி ஒன்பதரை. உண்மையில் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருந்தது.

ஒன்பது மணிக்குத் திருச்சியில் காரோடு காத்திருந்த மகன் கோயிலுக்குப் போன் செய்தான். சிங்கப்பூர்க் கடிகாரம் முன்னால் ஓடுவதைச் சொல்லி, விமானம் இறங்கவே பதினொன்றேகால் ஆகும், ஊர் வந்து சேரப் பன்னிரண்டேமுக்கால் ஆகும் என்றான்.

பஞ்சநதம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பங்காளி ஒருவர், மாமன் இன்னும் மேகத்தில்தான் இருக்கிறானா என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். பஞ்சநதத்தின் மனைவி ஞானாம்பாளின் தம்பியை உட்காரவைத்து முடித்துவிடலாம், அவரும் மாமன் முறைதானே என்று பேச்சு எழுந்தது. குந்தவை மறுக்கவில்லை. மொட்டையடித்த பிள்ளையின் தலையில் சந்தனத்தைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள்.

மாமியார் ஞானாம்பாள் அதைப் பார்த்தாள். மருமகளிடம் அதிகம் கொஞ்சிப் பேசுகிறவள் அல்ல.

"காது ரெண்டு இருக்குல்ல? ஒண்ண நல்ல நேரத்துல குத்துங்க. இன்னொண்ணு மாமன் வந்து மடியில வச்சுக்கட்டும்."

அப்படி எங்கேயும் வழக்கமில்லையே என்றார் பங்காளி.

"அய்யனார் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு," என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். "இப்ப நீங்க உக்காருங்க. கணக்குப் போட்டவரு நீங்கதான?"

பஞ்சநதம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காது குத்தும் பத்தர் கண்ணுசாமிக்கு மதியம் வேறு ஊரில் வேலை இருந்தது. அந்த வீட்டுக்குப் போன் போட்டுச் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு இடது காதைக் குத்தினார்.

ஒரு மணி தாண்டி அரவிந்தன் வந்தபோது பாதிப் பேர் சாப்பிட்டுக் கிளம்பியிருந்தார்கள். சட்டையைக்கூட மாற்றாமல், கை கால் கழுவிக்கொண்டு பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். வலது காதைக் குத்தினார் பத்தர். பிள்ளை வீறிட்டு அழுதது. குந்தவையும் அழுதாள், அவளை யாரும் தடுக்கவில்லை.

நேரமாகிவிட்டதற்கு அரவிந்தன் ஞானாம்பாளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் அவனுக்கு ஓர் இலை போட்டாள். பக்கத்தில் இன்னோர் இலையையும் விரித்தாள்.

"உக்காருங்க தம்பி. நானும் இன்னும் சாப்பிடல."