ஒரே வீட்டுக்கு இரண்டு சம்பளச் சீட்டு

இரண்டு சீட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள் டீச்சர். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சராக இருந்ததில்லை. முன்பு வேலை பார்த்த தனியார் பரிசோதனைக் கூடத்தில், புதிதாக வந்த அத்தனை பேருக்கும் வேலை பழக்கிவிட்டவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அப்படிப் பழக்கிவிட்டவர்களில் ஒருவன்தான் பிற்பாடு அவள் கணவனானான். இப்போது இருவரும் அரசாங்கக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரே பதவி. ஒரே பரீட்சை எழுதி, ஒரே நாளில் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பரீட்சையில் அவள் நான்காவது, அவன் பதினொன்றாவது. முதல் சம்பளச் சீட்டில் அவனுக்கு முப்பத்தேழாயிரத்து நூறு. அவளுக்கு முப்பத்தோராயிரம்.

அச்சில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தாள். மாடியேறிச் சம்பளப் பிரிவுக்குப் போனாள்.

சம்பளப் பிரிவு சூப்பிரண்டு தங்கமான மனுஷன். யார் வந்தாலும் முதலில் நாற்காலியைக் காட்டுவார், அப்புறம் விதியைக் காட்டுவார். அவளுக்கும் அந்த வரிசை மாறவில்லை. சம்பளம் ஒரு ஏணி மாதிரி, முன் அனுபவம் இல்லாதவர்கள் முதல் படியில் ஏற வேண்டும், அனுபவம் உள்ளவர்களைப் பழைய சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிற படியில் நிறுத்துவோம் என்று விளக்கினார். அவள் கணவனின் கடைசிச் சம்பளம் முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு, அதனால் ஏழாவது படி. அவளுடையது முப்பதாயிரத்து ஐந்நூறு. அது ஏணியின் காலடியிலேயே இருக்கிறது, அதனால் முதல் படி.

"பதினோரு வருஷ அனுபவம் சார் எனக்கு. அவருக்கு எட்டுதான்."

"நாங்க வருஷத்தை எண்ணுறதில்லம்மா. தகுதியப் பரீட்சையில பார்த்தாச்சு. இங்க பார்க்கிறது பழைய சீட்டு மட்டும்தான். அந்த முதலாளி உங்களுக்கு என்ன விலை போட்டாரோ, அதுக்கு மேல ஒரு முழம் போட்டுக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்."

ஆட்சேபணை இருந்தால் உத்தரவு வந்த முப்பது நாளுக்குள், பழைய முதலாளியின் சான்றிதழோடு எழுதிக் கொடுக்கலாம் என்றார். காலண்டரைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் நேரம் இருக்கிறது என்றார். அன்றைக்குத் திங்கள். அதை விட்டால்? விட்டால் இந்தப் படியிலிருந்துதான் ஒவ்வொரு உயர்வும். ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும், அதற்கப்புறம் வரும் பென்ஷனுக்கும் இதுதான் அடித்தளம். அதைச் சொல்லிவிட்டு அவர் மறுபடியும் நாற்காலியைக் காட்டினார். இந்தத் தடவை அடுத்த ஆளுக்கு.

படியிறங்கும்போது டீச்சருக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்த முப்பதாயிரத்து ஐந்நூறு முதலாளி போட்ட விலை இல்லை. அவளே போட்டுக்கொண்ட விலை. கல்யாணமான புதிதில் இருவருக்கும் ஒரே சம்பளம்தான். வீட்டுக்கடன் கேட்டுப் போனபோது, ஒரே பெயரில் பெரிய சம்பளம் இருந்தால் சுலபம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். மறுநாளே முதலாளி முன்னால் போய் நின்று யோசனை சொன்னவள் அவள்தான். எனக்கு வர வேண்டிய உயர்வில் பாதியை இவர் பெயரில் போட்டுவிடுங்கள், எல்லாம் ஒரே வீட்டுக்குத்தானே சார் போகிறது என்றாள். முதலாளி சிரித்தார். கணவன் கொஞ்சம் கூச்சப்பட்டான், அப்புறம் பழகிவிட்டது. வருஷத்துக்கு ஐந்நூறு. ஆறு வருஷம். வீட்டுக்கடனில் அவள் பெயர் இல்லை, வீட்டுப் பத்திரத்திலும் இல்லை. இதெல்லாம் அன்றைக்கு யாருக்கும் ஒரு விஷயமாகத் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

செவ்வாய்க்கிழமை பழைய முதலாளியைப் பார்க்கப் போனாள். அவர் கொஞ்சமும் முரண்டு பிடிக்கவில்லை. கணவன் பெயரில் கொடுத்ததில் மாதம் மூவாயிரம் உண்மையில் இவளுடைய உயர்வு, இருவரும் கேட்டுக்கொண்டதன்பேரில் அப்படிக் கொடுக்கப்பட்டது என்று தானே தட்டச்சு செய்து, சீல் வைத்து நீட்டினார்.

"எனக்கு இதுல போறது ஒண்ணுமில்ல டீச்சர். கொடுத்தது கொடுத்ததுதான். ஆனா இந்தக் காகிதம் ரெண்டு பக்கமும் வெட்டும். அவன்கிட்ட சொல்லிட்டியா?"

அவள் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவர் டீ சொல்லி அனுப்பினார்.

அவர் சொன்னது சரிதான் என்பதைப் புதன்கிழமை சூப்பிரண்டு உறுதி செய்தார். சான்றிதழை ஏற்றுக்கொண்டால் இருவருக்கும் முப்பத்து மூவாயிரத்து ஐந்நூறு என்று கணக்காகும், இருவரும் நாலாவது படி. அவள் மேலே ஏற, அவன் கீழே இறங்க வேண்டும். ஒருவர் சம்பளத்தைக் குறைக்க அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இப்போது வீட்டுக்கு வருவது அறுபத்தெட்டாயிரத்து நூறு, மாற்றினால் அறுபத்தேழாயிரத்து எண்ணூறு, மாதம் முந்நூறு நஷ்டம், நல்லா யோசித்துக்கோங்கம்மா என்று உண்மையான அக்கறையோடு சொன்னார்.

அன்று ராத்திரி சமையலறையில் அவள் பாத்திரம் தேய்க்க, அவன் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். நல்ல கணவன்தான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. சான்றிதழை இரண்டு தடவை படித்தான். முதலில் அந்த முந்நூறைப் பற்றிப் பேசினான். பிறகு கடன் தவணையைப் பற்றி. பிறகு ஒரே தட்டை ரொம்ப நேரம் துடைத்தான்.

"எங்கம்மாகிட்ட ஏழாவது படின்னு சொல்லியாச்சு" என்றான் கடைசியில். "ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க? சேர்ந்து ஒரு மாசத்துல சம்பளத்தக் குறைச்சிட்டாங்கன்னா, பய ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கான்னுதானே?"

"நான் என்ன பண்ணேன்னு நினைப்பாங்க?"

"உனக்கு என்ன? நீ முதல் படி. புதுசா சேர்ந்தவங்க முக்காவாசிப் பேர் முதல் படிதான்."

"அவங்கல்லாம் இருபத்திரெண்டு வயசுப் பசங்க. நான் கத்துக்கொடுக்கிற வயசு."

அவன் தட்டை அடுக்கில் வைத்தான். "மொத்தத்துல பார்த்தா ஒண்ணுதானே. நீதானே அன்னிக்குச் சொன்ன, எல்லாம் ஒரே வீட்டுக்குத்தானே போகுதுன்னு."

குழாயை மூடினாள். அதுதான் வலித்தது, அவளுடைய வார்த்தை அவளுக்கே திரும்பி வந்தது. அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னான். அதனால் சண்டை போடவும் வழியில்லை.

"சொன்னேன்" என்றாள். "ஆனா மொத்தம்னு ஒரு ஆள் பரீட்சை எழுதலங்க. நான் எழுதினேன்."

வியாழக்கிழமை இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. உப்பு, சாவி, மழை வருமா என்பது மாதிரி விஷயங்களைப் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை, கையெழுத்துப் போடுகிறேன் என்றும் அவன் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் கழிந்தது. நான்கு மணிக்கு நகராட்சியிலிருந்து அவசர மாதிரிகள் பன்னிரண்டு பாட்டில் வந்து இறங்கின, அத்தனையும் அவன் மேஜைக்கு. நான்கு முப்பத்தைந்துக்கு டீச்சர் சான்றிதழையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கை கண்ணாடிக் குழாயின் திருகில், இன்னொரு கை கீழே குடுவையைச் சுழற்றிக்கொண்டிருந்தது. குடுவைத் தண்ணீர் செக்கச் சிவப்பு. சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுக்கொண்டே போனால் ஒரே ஒரு சொட்டில் நீலமாகும். அதற்கு அடுத்த சொட்டு விழுந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

"மேல எத்தனை மணி வரைக்கும்?" என்றான், தலை நிமிராமல்.

"அஞ்சு."

இன்னும் இரண்டு சொட்டு விட்டான். சிவப்பில் ஊதா கலக்க ஆரம்பித்திருந்தது.

"இதக் கொஞ்சம் பிடி."

காகிதங்களை மேஜையில் வைத்துவிட்டு அவள் திருகைப் பிடித்தாள். குடுவை கைமாறும்போது இருவர் விரல்களும் ஈரமாக உரசிக்கொண்டன. அவன் அவளுக்குப் பின்னால் நகர்ந்தான். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. காகிதம் புரளும் சத்தம், சான்றிதழின் கெட்டிக் காகிதம் அது, கேட்டாலே தெரியும். பிறகு பேனா மூடி கழன்ற சத்தம். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. குடுவையை மெல்லச் சுழற்றிக்கொண்டே அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.