அ.பா. என்று எழுதிய கவர்

"அக்கா, அணை விரிசல் பத்திப் பழசெல்லாம் வேணும், சீக்கிரம்!" வாசலில் நின்றே கத்தினான் நிருபர். அந்தப் பத்திரிகை ஆபீசில் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர்.

வந்த செய்திகளைக் கத்தரித்து, பொருள்வாரியாகக் கவரில் போட்டு வைப்பது அவள் வேலை. கவரின் ஓரத்தில் முழுத் தலைப்புக்கு இடம் ஏது? முதலெழுத்துகள்தான். வெ.நி. என்றால் வெள்ள நிவாரணம், சா.வி. சாலை விபத்து. பிள்ளைக்குப் பெயர் தேடுகிற மாதிரி யோசித்து யோசித்து அவளே வைத்தவை.

அலமாரி முன்னால் நின்றாள். அ.பா. தன் கையெழுத்துதான். ஆனால் அது எதற்கு என்பது மட்டும் வரவில்லை. அரசுப் பாடசாலையா? அங்காடிப் பாதையா? உருவிப் பார்த்தாள். அடியில் அணைப் பாதுகாப்புச் செய்திகள் ஒழுங்காக இருந்தன. அப்பாடா என்று மூச்சு வந்தது. மேலே புரட்டினால் வங்கிக் கொள்ளை, நாய்க்கடி, யாரோ ஒரு நடிகையின் கல்யாணம். எல்லாம் போன மாதத்தவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவள் கையாலேயே அ.பா.

அவளுடைய அம்மா முதலில் மறந்தது அடுப்பை அணைக்க. அப்புறம் இவளை.

"என்னடி, அலமாரியோட குடித்தனமா?" சிரித்துக்கொண்டே வந்தாள் எதிர் மேசைக்காரி. கவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "கொடு இப்படி. நான்தான் மாத்தி வச்சேன்னு சொல்லிக்கிறேன்."

அவள் கவரைக் கொடுக்கவில்லை. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

எதிர் மேசைக்காரி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "சாயங்காலம் நீ கிளம்பினதும் எடுத்து எடுத்து இடத்துல வச்சிடுவேன். போன மாசம் நான் லீவுல இருந்தேன்ல... அப்ப சேர்ந்தது போலிருக்கு."

"எப்பலேர்ந்து?"

எத்தனை சாயங்காலங்கள், பாருங்கள்! அவள் பையை மாட்டிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறாள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு. கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இனிமே சரி பண்ணி வைக்காதேடி," என்றாள். "என்கிட்டேர்ந்து எவ்வளவு போயிருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"அக்கா, கிடைச்சுதா இல்லையா?"

"இருடா!" என்று எதிர் மேசைக்காரி அதட்டினாள்.

அவள் கவரை மேசைமேல் கவிழ்த்தாள். மின்விசிறிக் காற்றில் கொள்ளையும் கல்யாணமும் அணையும் ஒன்றாகப் படபடத்து எழும்பின. பறந்துவிடாமல் இரண்டு பேரும் உள்ளங்கைகளை அகல விரித்து அழுத்திக்கொண்டு நின்றார்கள். எதிலிருந்து முதலில் கையை எடுப்பது என்று தெரியாமல்.