ஸிண்ட்ரேயின் குதிகால்

"சனிக்கிழமை நீதான் எறிகிறாய்" என்று பயிற்சியாளர் ஆன்ட்ரியாஸ் சொன்னபோது, உடைமாற்றும் அறையில் இருந்த இருபத்திரண்டு பேரில் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தவன் கட்டிக்கொண்டே இருந்தான்.

நிருஜன் ஒஸ்லோவில் பொறியியல் படிக்கிறவன். கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் இரண்டு வருடமாக மாற்று குவார்ட்டர்பேக். குவார்ட்டர்பேக் என்பவன் பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். மாற்று என்றால், முதலாமவன் லூக்காஸ் விழும்வரை கோட்டுக்கு வெளியே நிற்கிறவன். சும்மா நிற்கவும் விடமாட்டார்கள். ஆன்ட்ரியாஸ் காதில் சொல்கிற அடுத்த நகர்வைக் கைச்சைகையால் லூக்காஸுக்குக் காட்ட வேண்டும். தொப்பியைத் தொட்டால் இடப்பக்க ஓட்டம். முழங்கையைத் தட்டினால் நீண்ட எறிதல்.

கடைசி இரண்டு ஆட்டங்களையும் சொந்த மைதானத்திலேயே தோற்றார்கள். நிருஜன் தொப்பியைத் தொட்ட கணமே எதிரணிக்காரர்கள் "இடது, இடது" என்று கத்தினார்கள். இரண்டாவது ஆட்டத்தில் அப்படித் தெரிந்துகொண்டு வந்து மோதிய ஒருவன் லூக்காஸின் காறை எலும்பை உடைத்தான்.

சைகை காட்டியவன் நிருஜன். அந்த இரண்டில் முதல் ஆட்டத்தை வென்றது ஸ்தவாங்கர் நகரத்து அணி. அதில் ஆடுகிறவன் நிருஜனின் மாமன் மகன் லதீசன். லூக்காஸ் விழுந்ததும் அவனுடைய இடம் கிடைத்தது நிருஜனுக்கு. மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய மூளை தேவையில்லை. வெளியில் நின்றிருந்தால் நிருஜனும் அப்படித்தான் சேர்த்துப் பார்த்திருப்பான்.

குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவராக நிற்பார்கள். நடுவில் நிற்கிற ஸிண்ட்ரே நூற்று இருபது கிலோ. பந்து எறியப்படும்வரை, மூன்று விநாடி, அந்தச் சுவர் நிற்க வேண்டும். அன்றைய பயிற்சியில் அது ஒரு விநாடிகூட நிற்கவில்லை. ஸிண்ட்ரே ஒரு பக்கம் விலகினான். வந்தவன் நிருஜனைத் தூக்கி நிலத்தில் போட்டான்.

"கால் வழுக்கிவிட்டது" என்றான் ஸிண்ட்ரே.

மறுபடியும் அதே இடத்தில், அதே மாதிரி.

"திரும்பவும் வழுக்கியதா?"

"ஈரம்."

செயற்கைப் புல் காய்ந்து கிடந்தது.

"எங்கே ஈரம்?"

"ஸ்தவாங்கரில் இருக்கிற உன் சொந்தக்காரனிடம் கேள். எங்களைப்பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லையே."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஆன்ட்ரியாஸ் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா, விழாத மாதிரி இருந்தாரா என்று நிருஜனுக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் மெட்ரோவில் இருந்தே லதீசனுக்கு அழைத்தான்.

"உண்மையைச் சொல்லு. எங்கடை சைகை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

லதீசன் சிரித்தான். "நீங்கள்தானே மச்சான் வைச்சிருந்தனீங்கள். நாங்கள் உடுப்பு மாத்தின விருந்தினர் அறையிலை, ஜன்னல் கரையிலை, ஆட்டம் வரைஞ்ச தாள் முழுக்க அடுக்கிக் கிடந்தது. எந்த நகர்வுக்கு எந்தச் சைகை எண்டும் எழுதி. எங்களை ஏமாத்திப் பேக்காட்ட வைச்ச சாமான் எண்டுதான் முதல் நினைச்சம். ரண்டுதரம் அதே மாதிரி வரத்தான் நம்பினம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உனக்குச் சொல்லுறதுக்கோ நான் ஸ்தவாங்கரிலை இருந்து ஹெல்மெட்டோடை வந்தனான்?"

மறுநாள் காலை, வகுப்புக்கு முன், நிருஜன் சொந்த மைதானத்தை ஒட்டிய எல்லிங்ஸ்ருட் விளையாட்டு மண்டபத்துக்குப் போனான். சொந்த அணியினர் எட்டியும் பாராத விருந்தினர் அறை திறந்தே கிடந்தது. ஜன்னலின் கீழே சூடேற்றி. மேலே, விளிம்பில், ஆன்ட்ரியாஸ் கையால் வரைந்த தாள்கள். ஈரம் காய்ந்து நெளிந்திருந்தன. பெரியது கீழே, சிறியது மேலே, ஓரம் பிசகாத அடுக்கு. பாரத்துக்கு ஒரு சவர்க்காரப் போத்தல்.

அந்த அடுக்கு யாருடையது என்று அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் கடை விளம்பரத் தாள்கூட அப்படித்தான் இருக்கும். அவன் எல்லாவற்றையும் அள்ளிப் பைக்குள் போட்டான்.

அவனுடைய அப்பா கனகரத்தினத்துக்கு ஒரு துப்புரவு நிறுவனத்தில் வேலை. காலை ஐந்து மணிக்கு இந்த மண்டபம், பிறகு இரண்டு பள்ளிக்கூடம். இருபத்தாறு வருடத்தில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. மகன் இங்கே ஆடுகிறான் என்பது அவருக்குத் தெரியும். இங்கே கழிப்பறை கழுவுகிறவர் நிருஜனின் அப்பா என்பது அணியில் ஒருவருக்கும் தெரியாது. அவன் சொன்னதில்லை.

அன்று மாலை வெஸ்ட்லியில் இருக்கிற வீட்டில், அப்பா புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தபோது தாள்களை மேசையில் வைத்தான்.

"இதை ஏன் எடுத்து வைச்சனீங்கள்?"

"உங்கடை அறையிலை நிலத்திலை நனைஞ்சு கிடந்தது. உங்கடை ஆக்களின்ரை எண்டு தெரியும். அதாலைதான் கவனமாக் காயவைச்சனான். அங்கை மட்டும்தான் சூடேத்திக்கு மேலை இடம் இருக்கு."

"கூட்டம் முடியக் கிழிச்சு எறியிற தாள் அப்பா. அவங்கள் தொட்டிவரை போகப் பஞ்சியிலை கீழை போட்டிட்டுப் போறவங்கள்."

"கையாலை எழுதின தாளைக் குப்பையிலை போடச் சொல்லுறியோ?"

"ஓம். குப்பையிலைதான்."

அவர் கையை வழித்துவிட்டுத் தாள்களைப் பார்த்தார். நிருஜன் நடந்ததைச் சொன்னான்.

"இதை நான் அங்கை சொன்னா, உங்கடை கொம்பனிக்கு எழுதுவாங்கள்."

"எழுதுவாங்கள். கண்டதைத் தொடக்கூடாது எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறன்." மேல் தாளின் ஓரத்தை நேராக்கினார். "சொல்லாட்டி?"

"எனக்கு முன்னாலை நிக்கிறவன் விலகுவான். லூக்காஸுக்கு நடந்தது எனக்கும் நடக்கும். பிறகு ஒருத்தரும் என்னைச் சேர்க்கமாட்டினம்."

"அப்ப சொல்லு." புட்டுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். "ஆனா நம்புவாங்களோ தெரியாது. குப்பையை ஒருத்தன் காயப்போட்டு அடுக்கினவன் எண்டா, நானே நம்பமாட்டன்."

சனிக்கிழமை ஆட்டத்துக்கு அரைமணி முன், உடைமாற்றும் அறையில் ஆளுக்கொரு புதிய தாள் கொடுக்கப்பட்டிருந்தது. நிருஜன் எழுந்து நின்று சொன்னான். தாள்கள் எங்கே கிடந்தன, லதீசன் என்ன சொன்னான், யார் எடுத்து வைத்தார், அவர் தனக்கு யார். நோர்வேஜிய மொழியில் சொல்லக் கேட்டபோது அவனுக்கே அது பொய் மாதிரி இருந்தது.

"அந்தக் கிளீனர் உன் அப்பாவா?" என்றான் ஸிண்ட்ரே.

"ஓம்."

"இரண்டு வருடமாக ஏன் சொல்லவில்லை?"

நிருஜன் தோள் கவசத்தின் பட்டையை இழுத்து இறுக்கினான்.

"கடைசியில் உன் வீட்டிலிருந்துதானே போயிருக்கிறது? ஆள்தான் வேறு. குப்பையைக் காயவைக்கிற மனிதனாம்." ஸிண்ட்ரே தன் தாளைக் கசக்காமல் நிலத்தில் எறிந்தான். "நல்ல கதை."

ஆன்ட்ரியாஸ் விசில் ஊதினார். எல்லோரும் எழுந்தார்கள். நிருஜன் ஹெல்மெட்டை எடுக்கத் திரும்பியபோது அவனுடைய சப்பாத்து அந்தத் தாளில் பட்டது. அவன் குனிந்ததே அவனுக்குத் தெரியாது. விரல் தாளைத் தொட்டது, அப்படியே கண்ணுக்குப் போனது, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டது. நிமிர்ந்தபோது அறையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன செய்தாய்?" என்றான் ஸிண்ட்ரே.

"ஒன்றுமில்லை."

"இன்னொருமுறை செய்."

"கேட்டால் வராது."

ஸிண்ட்ரே அவனுடைய கையையும் நிலத்துத் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வெளியே நடந்தான்.

இந்த முறை சைகை காட்டியது ஆன்ட்ரியாஸ். வேறு யாரையும் அவர் நம்பவில்லை. முதல் நகர்வு. ஸிண்ட்ரே பந்தைக் கால்களுக்கு இடையால் பின்னுக்குத் தந்தான். எறிகிறவன் தூரத்தைப் பார்க்க வேண்டும். நிருஜன் ஸிண்ட்ரேயின் குதிகாலைப் பார்த்தான். முதலாம் விநாடி, குதிகால் புல்லுக்குள் புதைந்தது. இரண்டாம் விநாடி, எதிரில் வந்தவன் தள்ள அது ஒரு சாண் பின்னுக்கு வந்து மறுபடி ஊன்றியது. மூன்றாம் விநாடியும் அது அங்கேயே நின்றது. அதன் பிறகுதான் தலையைத் தூக்கி எறிந்தான்.

ஆறு புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். கடைசிவரை ஒவ்வொரு முறையும் அவன் முதலில் குதிகாலைத்தான் பார்த்தான்.

அறைக்குத் திரும்பியதும் ஆன்ட்ரியாஸ் அருகில் வந்தார். "மண்டப அலுவலகத்துக்கு எழுதாமல் விட முடியாது. தாளைக் கீழே போட்டது நாங்கள் என்றும் எழுதுவேன்."

"எதை முதலில் எழுதுவீர்கள்?"

ஆன்ட்ரியாஸ் பையின் சிப்பை இழுத்து மூடினார்.

மற்றவர்கள் குளிக்கப் போனார்கள். நிருஜன் நிலத்தில் கிடந்த தாள்களைப் பொறுக்கி, தன்னுடையதையும் சேர்த்து, ஒவ்வொன்றாகக் கிழித்துத் தொட்டிக்குள் போட்டான். முதல் இரண்டையும் கிழிக்கக் கை தயங்கியது. ஸிண்ட்ரே முழங்காலில் ஐஸ் பொதியை வைத்தபடி வாங்குப் பலகையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருபத்திரண்டு" என்றான் ஸிண்ட்ரே, கடைசித் தாள் விழுந்ததும்.

"நானும் எண்ணினேன்" என்றான் நிருஜன்.